பாதி நோட்டு

ஜேடர்பாளையம் சென்னிமலைக்கு எதையாவது நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. மாட்டுச் சந்தைக்குப் போனால் மாட்டின் விலையோடு நிறுத்த மாட்டார். விற்றவன் தரகனுக்கு என்ன கொடுப்பான், அதை வாங்கியவனுக்குத் தெரிந்து கொடுப்பானா தெரியாமல் கொடுப்பானா, மாட்டைக் கொட்டிலிலிருந்து அவிழ்த்துவிட்ட ஆளுக்கு ஏதாவது உண்டா என்று துருவித் துருவிக் கேட்பார். “உங்களுக்கெதுக்குங்க இதெல்லாம்?” என்று யாராவது சலித்துக்கொண்டால், “கேட்டா காசா பணமா?” என்பார்.

கேட்டுக் கேட்டே அவருக்கு ஒரு பதவி வந்து சேர்ந்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் வேலை செய்தவர்களுக்கு மரியாதை கொடுத்தனுப்புவது அவர் பொறுப்பு. பந்தல் போட்டவர், மேளம் வாசித்தவர், அடுப்படியில் வெந்தவர், வண்டி ஓட்டி வந்தவர் எல்லோருக்கும் இன்னது கிடைக்கும் என்று பந்தக்கால் நடுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். சொன்னதை வெற்றிலை பாக்கோடு வைத்து இரண்டு கையாலும் கொடுப்பார். கல்யாண வீட்டுக்காரன் கஞ்சனாக இருந்தால் அவனைத் தனியே கூட்டிப்போய் நன்றாக நாலு கேள்வி கேட்பார். அதனால் அவரைப் பிடிக்காத வீடுகளும் உண்டு.

அப்படிப்பட்டவர் கப்பல் ஏறியது தன் ஒரே மகள் சௌந்திரத்துக்காக. ரங்கூனில் ஜவுளிக் கடை வைத்துப் பெரும்பணம் சேர்த்திருந்த செங்கோட்டையன் ஊருக்கு வந்திருந்தபோது, தன் மகனுக்குச் சௌந்திரத்தைக் கேட்டார். சொந்த சாதிசனம், முறைக்கும் பொருத்தம். ஆனால் கடல் தாண்டிப் பெண்ணைக் கொடுப்பது சின்ன விஷயமா? ஒரு வருத்தம் என்றால் பொழுது சாய்வதற்குள் ஓடிவர முடியுமா? சென்னிமலை தயங்கினார். “எங்கூடவே கப்பல்ல வந்து ஊட்டப் பாருங்க. பிடிச்சாக் குடுங்க” என்றார் செங்கோட்டையன். செலவும் அவருடையது.

பிடித்துப்போனால் அங்கேயே உப்புச்சர்க்கரை மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு. உப்பையும் சர்க்கரையையும் இரு வீட்டாரும் மாற்றிக்கொண்டால் கல்யாணம் உறுதி. அதன் பிறகு பேச்சு மாறுவது கிடையாது. சொந்தக் கரும்பில் காய்ச்சிய நாட்டுச்சர்க்கரையைச் சௌந்திரமே மஞ்சள் துணியில் முடிந்துகொடுத்தாள்.

“மாப்பளய அப்பறம் பாருங்கப்பா. அவங்கம்மா எப்படி இருக்காங்கன்னு மொதல்ல பாத்துட்டு வாங்க” என்றாள். தாயில்லாமல் வளர்ந்த பெண்.

சூரமங்கலத்தில் ரயிலேறி, மதராஸில் கப்பலேறினார்கள். இரண்டு பேருக்கும் ஓர் அறை. படுக்கை விரிக்க, தண்ணீர் கொண்டுவர, சாப்பாடு எடுத்துவர வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பட்லர் வந்து நின்றான். பெயர் சின்னராஜ். சேலம் ஸ்டேஷன் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துவிட்டுக் கப்பலுக்கு வந்தவனாம். நம்ம பக்கத்துப் பேச்சு காதில் விழுந்ததும் சென்னிமலைக்குப் பாதி ஊர் கூடவே வந்ததுபோல இருந்தது.

செங்கோட்டையன் பையிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் நோட்டை எடுத்தார். சரக்கென்று நடுவில் கிழித்தார். ஒரு பாதியைச் சின்னராஜிடம் நீட்டி, மறுபாதியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “ஒழுங்கா நடந்துக்கிட்டீன்னா எறங்கறப்ப மீதி” என்றார். சின்னராஜ் சலாம் போட்டு வாங்கிக்கொண்டான்.

சென்னிமலை அசந்துபோனார். இத்தனை கல்யாணம் நடத்தியும் இப்படி ஒரு முறையைப் பார்த்ததில்லை. கடலில் போகிறவர்கள் வழக்கம் போலிருக்கிறது, கப்பல் மூழ்கினால் பாதியாவது மிச்சம் என்று வைத்தார்களோ என்னவோ என்று அவராகவே ஒரு காரணமும் கண்டுபிடித்தார். பட்டிக்காட்டான் என்று சம்பந்தி நினைத்துவிடக் கூடாதே! மடியிலிருந்து தானும் ஒரு நோட்டை எடுத்தார். லட்சுமியைக் கிழிப்பதா? கண்ணை மூடிக்கொண்டு கிழித்து, பாதியை இரண்டு கையாலும் கொடுத்தார். செங்கோட்டையன் தோளில் தட்டி, “பரவால்லீங்களே, வெவரம்தான்!” என்றார்.

கரை மறைந்த மறுநாள் சென்னிமலை மேல்தட்டில் நின்று கடலைப் பார்த்தார். கடலில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. எனவே காபி கொண்டுவந்த சின்னராஜைப் பிடித்துக்கொண்டார்.

“ஏஞ்சாமி, இந்த நோட்டுக் கிழிக்கற மொற எப்பருந்து இருக்குது?”

சின்னராஜ் சுற்றுமுற்றும் பார்த்தான். “மொறையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. கப்பல்ல எறங்கற அன்னிக்கு, அவங்கவங்க மனசுபோல இனாம் குடுப்பாங்க. கொஞ்சமோ நெறையவோ, முழுசாக் குடுப்பாங்க. ஒரு சிலர்தான் இப்படி.”

“அப்ப நானு?”

“நீங்க அவரு பண்ணுனதப் பாத்துப் பண்ணுனீங்க. எனக்குத் தெரியுமுங்க.” அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்கிட்ட ரெண்டு பாதி இருக்குதுங்க. வெச்சு வெச்சுப் பாத்தன். ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்குது.”

சென்னிமலைக்கு முகம் சுண்டிப்போனது. ஊருக்கெல்லாம் மரியாதை கற்றுக்கொடுத்த கை இப்படியா செய்யும்? அந்த இடத்திலேயே மறுபாதியை எடுத்து அவன் கையில் வைத்து மூடினார். “மனசுல வெச்சுக்காத சாமி” என்றார். மனசு லேசானது, காபியும் ருசித்தது.

செங்கோட்டையனுக்குத்தான் பொறுக்கவில்லை. “நடுக்கடல்ல முழுசாக் குடுத்துட்டீங்களா? இனி அவன் உங்க பக்கம் தலவெச்சுப் படுப்பானா? மனுசன் எதிர்பாத்துட்டே இருக்கோணும். அப்பத்தான் நம்மளச் சுத்துவான்.”

அதையும் பார்க்க வாய்ப்பு வந்தது. மறுநாள் காற்று வலுத்து, கப்பல் ஊஞ்சலாக ஆடியது. சென்னிமலைக்குக் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. இனி வாங்க ஒன்றுமில்லாத அந்த மனுஷனிடம் சின்னராஜ் ஓடி ஓடி வந்தான். தலையைத் தாங்கிப் பிடித்தான், வாந்திப் பாத்திரத்தைக் கழுவினான், எங்கிருந்தோ எலுமிச்சம்பழம் தேடிவந்து முகர வைத்தான். செங்கோட்டையனையும் அவன் விட்டுவிடவில்லை. ஆனால் அவரிடம் வரும்போதெல்லாம் அவன் கண் ஒரு தடவை அவர் சட்டைப்பைக்குப் போய், பிறகு முகத்துக்குப் போகும். சொல்ல வந்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று நிற்பான். படுத்தபடியே சென்னிமலை அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

ரங்கூன் துறையில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுச் சின்னராஜ் வந்து நின்றான். செங்கோட்டையன் பாதி நோட்டை வெளியே எடுத்தார், இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“நேத்து எனக்கு வந்த காபி ஆறிப்போச்சு” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

அந்தக் காகிதத்தால் அவருக்கும் பிரயோசனம் இல்லை, அவனுக்கும் இல்லை. அழைத்துப்போக வந்திருந்த மகன் அதைப் பார்த்துச் சிரித்தான். அப்படியே அப்பனுடைய சிரிப்பு. சின்னராஜ் சலாம் போட்டான். சென்னிமலைக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. பெண் கொடுக்க வந்த இடத்தில் வாய் திறக்கவா முடியும்? தன் மேல்துண்டை மட்டும் இறக்கி மடித்துப் பிடித்து, அவனிடம் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

வீடு பெரிய வீடு. தேக்கு மாடிப்படியும் சுவர் உயரக் கண்ணாடியுமாக, குறை சொல்ல இடமில்லை. மாப்பிள்ளைப் பையனும் ஆள் வாட்டசாட்டம், கணக்கில் கெட்டி. இதெல்லாம் நல்லதுதானே, காசுள்ளவர் ஒரு வேலைக்காரனிடம் கறாராக இருந்ததை வைத்து மகள் வாழ்வை முடிவு செய்யலாமா என்றுகூடச் சென்னிமலை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார்.

அப்போது செங்கோட்டையன் மனைவி மயிலம்மாள் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள்.

“வாங்ணா. நல்லா இருக்கீங்ளா? ஊர்ல மழையுங்களா? ராசவாய்க்கால்ல தண்ணி வந்துருச்சுங்ளா?” என்று ஆவலாகக் கேட்டுக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றுபோனாள். அவள் கண் புருஷன் பக்கம் போனது.

அவர் சிரித்தார். “இவளுக்கு ஊர் ஞாபகமே ஞாபகம். அம்மாளப் பாக்கோணும், தம்பியப் பாக்கோணும்னு வருசாவருசம் ஒரே நச்சு. நானும் கூட்டிட்டுப் போறன்னுதான் சொல்றன். மொதல்ல இங்க ஒழுங்கா நடந்துக்கட்டும், பாக்கலாம்.”

மயிலம்மாள் சொம்பை வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றாள். அந்த நிற்பைச் சென்னிமலை கடலில் பார்த்திருந்தார். சட்டைப்பையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்க்கிற அதே பார்வை. சின்னராஜாவது கரை வந்ததும் சலாம் போட்டுவிட்டுப் போய்விட்டான். இவள் எந்தத் துறையில் இறங்குவாள்? அவருக்கு அழுகையே வந்துவிட்டது. தண்ணீரைக் குடிப்பதுபோல முகத்தைச் சொம்புக்குள் மறைத்துக்கொண்டார்.

விருந்து முடிந்தது. உப்புச்சர்க்கரை மாற்றத் தட்டு வந்தது. சென்னிமலை மஞ்சள் முடிச்சை அவிழ்க்கவில்லை.

“புள்ளயக் கேக்காம முடிவு சொல்றதுக்கில்லீங்க. ஊருக்குப் போயித் தாக்கல் சொல்லியுடறன்” என்றார்.

செங்கோட்டையன் முகம் இறுகியது. இருந்தாலும் வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? ஊர் பேசுமே! “பட்டு வேட்டி எடுத்து வெச்சிருக்கறன். வேறென்ன வேணும்னாலும் கூசாமக் கேளுங்க” என்றார்.

“வேட்டி வேண்டாமுங்க. உங்க பையில ஒரு பாதி நோட்டு இருக்குதல்லங்க, அதக் குடுங்க.”

செங்கோட்டையன் விழித்தார். பிறகு இவருக்குக் கிறுக்கு என்று நினைத்தாரோ என்னவோ, எடுத்து நீட்டினார். சென்னிமலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். புறப்படும்போது மயிலம்மாளிடம், “ஊட்டுக்கு ஏதாச்சும் சொல்லோணுமா தங்கச்சி?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கறன்னு சொல்லுங்ணா” என்றாள் அவள்.

திரும்புகிற கப்பலும் அதே கப்பல். அவருடைய வேண்டுதலோ என்னவோ, சின்னராஜும் இருந்தான். ஏறியவுடனே வெற்றிலை மேல் பாதி நோட்டை வைத்துக் கொடுத்தார். அவன் தன் பெட்டியிலிருந்து மறுபாதியை எடுத்து ஒட்டவைத்துப் பார்த்தான். கிழிசலோடு கிழிசல் சரியாகச் சேர்ந்தது.

“இதெப்படிங்க கெடச்சுது?”

“சீராக் குடுத்தாங்க சாமி” என்றார் சென்னிமலை.

ஊர் வந்து சேர்ந்ததும் முதலில் மயிலம்மாளின் தாய் வீட்டுக்குப் போய், அவள் சொன்னதையும் சொல்லாததையும் அவள் தம்பியிடம் சொல்லி, “போயிக் கூட்டிட்டு வா. கப்பல்ல எப்படிப் போறதுன்னு நாஞ்சொல்றன்” என்று ஆளைக் கிளப்பிவிட்டுத்தான் தன் வீட்டுக்கு வந்தார்.

சௌந்திரம் வாசலிலேயே கேட்டாள். “அவங்கம்மா எப்படிங்கப்பா இருக்காங்க?”

அவர் கப்பலிலிருந்து ஆரம்பித்தார். நோட்டைக் கிழித்தது, தானும் கிழித்தது, காபி ஆறிப்போனது, சொம்போடு வந்தவள் நடுப்பேச்சில் நின்றது என்று ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடிந்ததும் சௌந்திரம் மஞ்சள் முடிச்சைத் தூக்கிப் பார்த்தாள். கட்டியது கட்டியபடி இருந்தது.

“அப்ப இந்தச் சக்கரைய என்ன பண்றதுங்கப்பா?”

“பானக்கம் கரைச்சுக் கொண்டா சாமி” என்றார் சென்னிமலை. “சொம்பு நெறைய ஊத்து.”