தேவராஜ் தூக்கிய விரல்

கிளப் கிரிக்கெட்டில் கேப்டன் என்றால் டாஸ் போடுகிறவன் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். உண்மையில் அவன் வேலை, நாலைந்து நண்பர்களை அணியிலிருந்து நீக்கிவிட்டு, மறுநாளே அவர்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடிப்பது. தொண்ணூறுகளில் ஆஸ்டின் டவுனில் அந்த வேலையை நான் பார்த்தேன். வார நாட்களில் சிவாஜிநகர் துணிக்கடையில் சட்டைத்துணி கிழித்துக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்களின் மனசைக் கிழிப்பேன். உங்களில் யாராவது கேப்டனாக இருந்து தொலைத்திருந்தால் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

டீக்கடைத் தேர்வு

சீசன் தொடங்குமுன் நானும் எங்கள் விக்கெட் கீப்பர் உஸ்மான் பாயும் டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொருவனையும் அலசுவோம். பலம் என்ன, பலவீனம் என்ன, போன வருடத்துக்கு இந்த வருடம் தேறியிருக்கிறானா. தேவராஜ் பெயர் வந்ததும் இருவரும் இன்னொரு டீ சொல்வோம்.

தேவராஜ் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுபவன். பேட்டிங்கில் பதினோராவது ஆள். பந்து போட்டால் எதிரணிக்காரர்கள் முகத்தில் சிரிப்பு வரும். கேட்ச் வந்தால் மரியாதையாக வழிவிடுவான். ஆனால் ஞாயிறு காலை எல்லோருக்கும் முன்னால் வந்து, கயிற்றுப் பாயை பிட்ச்சில் விரித்து ஆணி அடித்து வைத்திருப்பவன் அவன்தான். ஒரு வருடம் உஸ்மான் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"பலம்னா, நல்லவன். பலவீனம்னா... அதுவும் அதேதான்பா."

கேட்ட சத்தம்

நாங்கள் ஆடிய போட்டிகளில் வெளி அம்பயர் கிடையாது. பேட்டிங் செய்யும் அணியே தன் ஆட்கள் இருவரை அம்பயராக நிறுத்த வேண்டும். அந்த வசதியை ஊரில் எல்லா அணியும் எப்படிப் பயன்படுத்தியது என்று சொல்லத் தேவையில்லை. நடு ஸ்டம்ப் பறந்தால் ஒழிய யாரும் அவுட் ஆவதில்லை.

ஒரு ஞாயிறு, ஜெயிக்க ரெண்டு ரன், கையில் கடைசி விக்கெட். ஆடுகிறவன் தேவராஜ். பந்து அவன் மட்டையை லேசாக உரசிக்கொண்டு கீப்பரிடம் போனது. எதிரணி கத்தியது. அம்பயராக நின்ற எங்கள் பையன் கடமை தவறாமல் தலையை ஆட்டி மறுத்தான். தேவராஜ் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்துவிட்டான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காரணம் கேட்டேன்.

"மட்டையில பட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சே மணி. கேட்டப்புறம் எப்படி நிக்கிறது?"

எதிரணியின் பவுலர்

அம்பயராக நிற்கச் சொன்னால் மற்றவர்களுக்கு உடனே வேறு வேலை வந்துவிடும். தேவராஜ் மட்டும் சந்தோஷமாகப் போவான். கடைசியில் ஆடுகிறவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம். ஆனால் அங்கே போய் நின்றால் அவனுக்கு நண்பன், பகைவன், ஓப்பனிங் பேட்ஸ்மேன் எதுவும் தெரியாது. ஒரே காலையில் எங்கள் ஓப்பனர்கள் இருவருக்கும் எல்.பி.டபிள்யூ. கொடுத்தான். இரண்டும் அவுட்தான், அதுதான் இன்னும் எரிச்சல். ஆட்டம் முடிந்ததும் மல்லேஸ்வரம் அணியின் கேப்டன் மஞ்சுநாத் என் கையைப் பிடித்துக் குலுக்கி, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"நம்ம டீமல்லி இன்னிக்கு பெஸ்ட் பௌலர் உங்க தேவராஜ்தான், குரு."

அரையிறுதி

அதுவரை நாங்கள் எந்தப் போட்டியிலும் இறுதி ஆட்டத்தை எட்டியதில்லை. அந்த வருடம் அரையிறுதியில் ஆறே ரன் தேவை. களத்தில் நான், கை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அம்பயராகப் போகுமுன் தேவராஜை உஸ்மான் பாய் ஓரம் கட்டி, "ரெண்டு கையும் பேன்ட் பாக்கெட்லயே இருக்கட்டும் தேவா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பந்து என் கிளவுஸில் பட்டு கீப்பர் கைக்குப் போனது. எல்லோரும் செய்வதுபோல நானும், பந்து தோளில்தான் பட்டது என்று காட்ட, தோளைத் தடவிக்கொண்டு நின்றேன். தேவராஜ் என்னைப் பார்த்தான். அவ்வளவு வருத்தத்தோடு ஒரு மனிதன் விரலைத் தூக்கி நான் பார்த்ததில்லை. எனக்குப் பின் வந்தவர்களால் அந்த ஆறு ரன்னை எடுக்க முடியவில்லை, தோற்றோம். பஸ்ஸில் எல்லோரும் முன்பக்கம் போய் நெருக்கி உட்கார்ந்தார்கள். தேவராஜ் சுருட்டிய கயிற்றுப் பாயைக் கட்டிக்கொண்டு தனியாகப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தான். அந்த வாரம் ஒவ்வொருவனாக என் துணிக்கடைக்கு வந்து, அவன் இருந்தால் தான் இல்லை என்றான். அடுத்த ஞாயிறு, பிட்ச்சில் கயிற்றுப் பாய்க்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்பயரிங்கைப் பற்றி அவன் ஒரு வார்த்தை வாதாடவில்லை.

"பேட்டிங் வேணாம், பௌலிங் வேணாம் மணி. ஆறு நாள் மெஷின் முன்னாடி நிக்கிறேன். ஞாயித்துக்கிழமை வெள்ளை பேன்ட் போட்டாத்தான் எனக்கு வாரம் முடியுது."

இரவல் ஆள்

ஆனாலும் நீக்கினேன். கேப்டன் என்றால் அதுதான். அவன் பாட்டுக்கு வந்து பாயை விரித்துக் கொடுத்துவிட்டு, சாதாரண பேன்ட்டில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கம் பார்க்காமல் ஃபீல்டிங் நிறுத்தப் பழகிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் மஞ்சுநாத் கடைக்கே வந்துவிட்டார். அவர்களுக்கும் இன்னோர் அணிக்கும் ஆட்டம். ஒருவர் அம்பயரை மற்றவர் நம்பவில்லை. தேவராஜ் நின்றால் இருவருக்கும் சம்மதமாம். "நான் பிளேயர் மணி" என்று அவன் முறுக்கிக்கொண்டான். நான்தான் பிடித்துத் தள்ளினேன். பிறகு ஞாயிறுதோறும் யாராவது அவனைக் கேட்டு வந்தார்கள். இரண்டு சீசன் கழித்து அம்பயர் பரீட்சை எழுதிப் பாஸ் செய்து, கோட்டுக்கு வெள்ளைத் துணி எடுக்க என் கடைக்கு வந்தான். என் கையாலேயே கிழித்துக் கொடுத்தேன். டெய்லருக்கு என்ன சொல்லட்டும் என்றேன்.

"பாக்கெட் பெருசா வைக்கச் சொல்லு. உஸ்மான் பாய் கையை உள்ள வைக்கச் சொன்னாரே."

கடைசி ஆட்டம்

இரண்டாயிரம் பிறந்து, என் முழங்கால் இரண்டும் ராஜினாமா கொடுத்த சமயம். அதுவே என் கடைசி ஆட்டம் என்று முடிவாகியிருந்தது. வெளி அம்பயர்கள் நிற்கும் ஆட்டம். பவுலர் முனையில் கோட்டும் தொப்பியுமாக தேவராஜ். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டோம். அவனை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அரை சதத்துக்கு இன்னும் ஒரு பவுண்டரிதான் பாக்கி என்றிருந்தபோது பந்து மட்டை விளிம்பில் பட்டுக் கீப்பரிடம் போனது. அதே நேரம் ரோட்டில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. கீப்பர் மட்டும் அரைமனதாக அப்பீல் கேட்டான்.

தேவராஜின் கை அசையவில்லை. அரையிறுதியில் பார்த்தானே, அதே மாதிரி என்னைப் பார்த்தான். என் கை தோளுக்குப் பாதி தூரம் போய், என்னவோ நின்றுவிட்டது. மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். தாண்டும்போது மெதுவாகச் சொன்னான்:

"ஹாரன்ல எனக்கு ஒண்ணும் கேக்கல மணி. நாட் அவுட்தான் குடுத்திருப்பேன்."

உஸ்மான் பாயோடு உட்கார்ந்து அத்தனை வருடம் டீ குடித்து ஆராய்ந்தும், தேவராஜின் பலவீனம் தொற்றக்கூடியது என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் தெரியாமல் போயிற்று.