அப்பா இருக்கும்போதே போட்ட மொட்டை

வானொலியில் நான் கிழவனாக, கிளியாக, தாசில்தாராக இருந்திருக்கிறேன். பூனாவின் மராத்தி மேடைகளில் வேலைக்காரனாகவும் வக்கீலாகவும் வந்துபோயிருக்கிறேன். அப்பா எதையும் பார்க்க வந்ததில்லை. சினிமாவில் கேமரா என் முகத்துக்குக் கிட்டே வந்த முதல் வேடம், தகப்பனுக்குக் கொள்ளி வைக்கும் மகன். ஒட்டு மொட்டை வைத்தால் விளிம்பு தெரியும் என்று, தலையையும் மீசையையும் நிஜமாகவே மழித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே அப்பாவுக்கு நெஞ்சுவலி. பூனாவிலேயே ஔந்த் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காலையில் ஆபரேஷன் என்றார் டாக்டர்.

குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினேன். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மீசை இல்லாததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"அப்பா உசுரோட இருக்கையில இப்பிடி வந்து நிக்கியேல. அவுக கண்ணுல பட்டுராத."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. காலையில் மழிக்கும்போது ஜோசியமா தெரியும்? ஆனாலும் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். என்னைப் பார்த்த அதிர்ச்சியில் அந்த நெஞ்சு நின்றுவிட்டால் என்கிற பயம் எனக்கும் இருந்தது.

மறுநாள் காலை, குல்லாயைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சு மராத்திக்காரர் என் தோளில் கைவைத்து, அப்பா எப்போது போனார் என்று கேட்டார். உள்ளே உயிரோடு இருக்கிறார் என்றேன். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்தாள். அப்பா என்னைக் கேட்கிறாராம்.

போகாமல் இருக்க முடியுமா? மறுபடி குல்லாயை மாட்டிக்கொண்டு போனேன். அப்பா என் மேலுதட்டையே பார்த்தார்.

"குல்லாயக் கழத்துல."

கழற்றினேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"யாருக்குல போட்ட?"

"படத்துல எங்கப்பாவுக்கு."

"அவன் ஒழுங்கா செத்தானா?"

"ஒரே டேக்குப்பா."

அப்பா கையை நீட்டினார். குனிந்தேன். மண்டையைத் தடவிப் பார்த்தார். விரல்கள் சில்லென்று இருந்தன.

"எனக்கு எறக்க இதுல ஒண்ணும் மிச்சமில்லயே. முடி வளருத வரைக்கும் நான் இருந்துதான ஆவணும்."

ஆஸ்பத்திரி உடுப்போடு அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு சாத்தியதும் நான் அழுதேன்.

அப்பா பிழைத்து விஷ்ராந்த்வாடி வீட்டுக்கு வந்துவிட்டார். நான் முடியை வளரவிடவில்லை. மொட்டை வில்லன், மொட்டைச் சாமியார் என்று அப்புறம் எனக்குக் கிடைத்த வேடமெல்லாம் அந்தத் தலைக்குக் கிடைத்தவைதான். எனக்கு மூட நம்பிக்கை கிடையாது என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமை நான் மறந்துபோனால், அம்மாவே ரேசரைக் கொண்டுவந்து நீட்டுவாள்.