ஒரு கை மட்டும் எழுந்தது

இருதய நோய், பாரிசவாத ஆராய்ச்சிக்கு நிதி சேர்க்கும் நடைபவனி முடிந்து, நானும் மகளும் கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். உண்டியல் அவள் கழுத்தில் தொங்கியது. அருகில் நின்ற ஒருவர் தள்ளாடி, ஒரு பெண்ணின் மேல் சாய்ந்தார். அவள் அலறினாள்.

"குடிவெறியில பொம்பிளைக்கு மேல விழுறியாடா?" என்று ஓர் இளைஞன் அவரை அறைந்தான். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். கீழே விழுந்தவரின் விலாவில் மாறி மாறி உதைத்தார்கள். வாயிலிருந்து இரத்தம் வழிந்தது.

"அம்மா, ஒரு கையாலதான் முகத்தை மறைக்கிறார். மற்றக் கை எழும்புதில்ல. இது ஸ்ட்ரோக்!" என்றாள் மகள். நடைபவனித் தொண்டர்களுக்கான வகுப்பில் படித்த அறிகுறி அது. ஓடப்போனவளின் மணிக்கட்டை இறுகப் பிடித்தேன்.

"விடுங்கோ அம்மா!"

"உன்னையும் அடிப்பாங்கள்."

அடித்தார்கள்தான். என் கையை உதறிவிட்டு ஓடி, அவர் மேல் குனிந்தவளின் முதுகில் ஓர் உதை விழுந்தது.

"டொக்டரம்மா வந்துட்டா, மருந்து எழுதப்போறா" என்று ஒருவன் இளித்தான்.

"வாயைப் பாருங்கோ, ஒரு பக்கம் கோணிப்போச்சு!" என்று அவள் கத்தினாள்.

உதைத்தவன் குனிந்து பார்த்தான். அவனே ஓடிப்போய் ஓர் ஓட்டோவை மறித்தான்.

அவர் பிழைத்துவிட்டார்; வலது கை மட்டும் இன்னும் வழங்கவில்லை. மகளை எல்லோரும் மெச்சுகிறார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் அவளைப் பிடித்து நிறுத்தமாட்டேன் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.