ஆயிரத்து ஒன்பதை விட்டவர்

மின்சார மீட்டர் பார்த்து எழுதும் அந்த மனிதருக்குக் கையும் காலும் ஓர் இடத்தில் நிற்காது. கண்ணில் எந்த எண் பட்டாலும் அதை வகுத்துப் பார்த்தாக வேண்டும். "என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்று மனைவி கேட்டால், "ஐம்பத்தொண்ணு பதினேழால போகும்" என்று அவள் வயதை உடைத்துக் காட்டுவார். அப்படி ஒரு ஜென்மம்!

மூன்று வருஷத்துக்கு முன்பு மனைவியின் தம்பி புது லாரி எடுத்துக்கொண்டு வந்தான். வீடே கூடி நின்று பார்த்தது. இவர் பார்த்தது என்ஜின் எண்ணை மட்டும்தான்: 10,22,117. மத்தியானம் முழுக்கத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தவர், நிமிர்ந்து தீர்ப்பு சொன்னார்.

"இது பகா எண். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு வரைக்கும் போட்டுப் பார்த்துட்டேன், எதாலயும் போகல. பத்து லட்சத்துக்கு வர்க்கமூலம் ஆயிரம். அதுக்கு மேல தேடவே வேண்டாம்."

"இல்ல மாமா, உடையும். ஆயிரத்துப் பதினொண்ண அதாலயே பெருக்கி நாலைக் கழிச்சா..." என்றான் தம்பி.

"ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குடா? போய் லாரியைக் கழுவு!"

எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு சரி, தம்பி அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இப்போது அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. இன்று காலை பத்து மணிக்குப் பஸ்.

"போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி" என்று மனைவி அழுதாள்.

"தப்பு அவன் மேல. நான் ஏன் போகணும்?"

சொல்லிவிட்டாரே தவிர, இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைத் திறந்து மூடினார். தன் பக்கம்தான் நியாயம் என்று மனைவிக்குக் காட்ட, அந்தக் கணக்கை மறுபடி போட்டார். வர்க்கமூலத்தில் வந்து பேனா நின்றுவிட்டது. ஆயிரம் இல்லை, ஆயிரத்துப் பத்துக்கும் மேலே! அந்த இருபத்திரண்டாயிரத்துச் சொச்சத்தை அன்றைக்குச் சுத்தமாக மறந்திருந்தார். நடுவில் ஒரே ஒரு பகா எண், 1009. அதால் வகுத்தார். 1013 வந்தது, மீதி இல்லை.

"ஐயையோ!" என்று தலையில் அடித்துக்கொண்டு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி பஸ் நிலையத்துக்கு ஓடினார்.

தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், நீ சொன்னதுதான் சரி. ஆயிரத்து ஒன்பதை நான் விட்டுட்டேன்டா!"

"தெரியும் மாமா."

"அப்புறம் என்ன? இறங்கு, வீட்டுக்குப் போலாம்."

"நம்பருக்காகவா மூணு வருஷம் வராம இருந்தேன்? அத்தனை பேர் முன்னாடி லாரியைக் கழுவுன்னு சொன்னீங்களே. என் பொண்ணு பக்கத்துல நின்னா மாமா."

இவருக்கு முகம் செத்துவிட்டது. வழியெல்லாம் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். பஸ் நகர்ந்தது. அவசரமாக ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க இறங்கணும்?" என்றார் கண்டக்டர்.

"இவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும், எனக்குப் பழக்கமில்ல. கடைசி ஸ்டாப்புக்கே ஒண்ணு குடுங்க."