கனகலக்ஷ்மியின் கித்தான் பை

என் அக்கா கனகலக்ஷ்மி இறந்து இன்றோடு பதினாலு நாள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், இருபத்தோரு வருஷம் எங்கள் வாசற்கதவின் உள்பக்கம் நின்ற அந்தக் கித்தான் பையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

1909இல் நான் மைசூரில் அக்கா வீட்டில் தங்கிக் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். அவள் புருஷன், அத்திம்பேர் சேஷு, சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. குழந்தை இல்லை. அந்த வருஷம் பிளேக் வந்தது. எந்த வீட்டில் எலி செத்து விழுந்தாலும், அந்தத் தெருவே அன்று சாயங்காலத்துக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, குக்கரஹள்ளி ஏரிக்கு அப்பால் போட்டிருந்த மூங்கில் தட்டிக் கொட்டகைகளுக்குப் போய்விட வேண்டும். எங்கள் வீட்டில் அரிசிக் குதிருக்குப் பின்னால் எலி விழுந்தபோது மணி பதினொன்று. அத்திம்பேர் கச்சேரியில், நான் காலேஜில். அக்கா தனியாகவே மூட்டை கட்டினாள். ஜடையனின் மாட்டுவண்டியில் பாத்திரம், படுக்கை, புளி, உப்பு, வடாம் வரை எல்லாம் ஏறிவிட்டன.

பூஜை மாடத்தில் இருந்த சாளக்கிராமச் சம்புடம் மட்டும் ஏறவில்லை. சாளக்கிராமத்தைப் பெண்கள் தொடுவதில்லை. அத்திம்பேர் வந்து எடுத்துக்கொள்வார் என்று அக்கா விட்டுவிட்டாள். அவரோ செய்தி கேட்டுக் கச்சேரியிலிருந்து நேரே கொட்டகைக்கு வந்துவிட்டார். வடாம் டின்னே வந்திருப்பதைப் பார்த்து, சுவாமியும் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து, "சம்புடம் எங்கே?" என்றார்.

"நீங்க எடுத்துண்டு வரலையா?"

அவர் அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"போகாதீங்கோ. பத்து நாள் கழிச்சுப் பாத்துக்கலாம்," என்றாள் அக்கா.

"பத்து நாள் சுவாமி பட்டினியா?" என்று கிளம்பிவிட்டார்.

மத்தியானம் திரும்பினார். சம்புடத்தைத் தன் பட்டு அங்கவஸ்திரத்தில் சுற்றி, கச்சேரிக் கட்டுகளுக்குப் போடுவதுபோல் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டிருந்தார்.

"ஆத்துல எல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"எலியெல்லாம் கூடத்துல வரிசையாக் கிடக்கு, கனகா. யாரோ அடுக்கி வெச்ச மாதிரி."

அன்று ராத்திரியே காய்ச்சல். தொடை இடுக்கில் நெறி கட்டியது. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

வீடு திரும்பியதும் அக்கா கித்தான் துணி வாங்கித் தானே பை தைத்தாள். மூன்று பேருக்கு மாற்றுத்துணி, மூன்று டம்ளர், ஒரு வாரத்துக்கு அரிசி பருப்பு, சிம்னி விளக்கு, தீப்பெட்டி, பிளேக் ஊசி போட்டுக்கொண்டதற்கான சீட்டு. மூன்றாவது ஆளுக்கென்று வைத்த வேஷ்டி அத்திம்பேருடையது. அதைப் பற்றி நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் வெயிலில் போட்டுத் திரும்ப அடுக்கி, வாயை இரட்டை முடிச்சாகக் கட்டுவாள். அதை அவிழ்க்க எனக்கு நகம் பெயர்ந்துவிடும்.

எதிர்வீட்டு லலிதாம்பாள் மாமி சிரிப்பாள். "என்னடி, உன் பைக்குத் தீனி போட்டாச்சா?"

"நீங்களும் ஒண்ணு கட்டி வைங்கோ மாமி. உங்க பேச்சைக் கேட்டுண்டு ஜடையன் வண்டியை நிறுத்த மாட்டான்."

அத்திம்பேருக்குப் பிறகு பூஜை என்னுடையது. எனக்கும் கச்சேரியிலேயே வேலை கிடைத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவுக்கு இருந்த ஒரே பயம் எனக்குத் தெரியும். அடுத்த தடவை நான் எதையாவது விட்டுவிட்டுத் திரும்பிப் போவேன் என்பது.

1913இல் ஒரு நாள் காலை பூஜைக்குப் போனேன். மாடம் காலி. விளக்கும் சந்தனக் கல்லும் இருந்த இடத்தில் இருந்தன. சம்புடம் இல்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டுக் கடைசியில் பையை அவிழ்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, அத்திம்பேரின் அதே பட்டு அங்கவஸ்திரத்தில் சுற்றி, அதே சுருக்கு முடிச்சோடு சம்புடம் இருந்தது. துளசி வாடவில்லை.

"அக்கா, நீ எடுத்து வெச்சியா?"

ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"தொடறவளா இருந்தா அன்னிக்கே தொட்டிருப்பேனே, சாம்பு."

பிறகு, "ஜடையனைக் கூப்பிடு," என்றாள்.

தெருவில் ஒரு எலியும் விழவில்லை. நான் காலேஜில் படித்ததையெல்லாம் சொல்லி வாதாடினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு தெருவில் போய் நின்றுவிட்டாள். வெட்கத்துக்கு அஞ்சி நானும் வண்டியில் ஏறினேன்.

"எலி இன்னும் முகூர்த்தமே வெக்கலை. அதுக்குள்ள கல்யாண ஆத்துக்குக் கிளம்பியாச்சு!" என்று மாமி வாசலிலிருந்து சத்தமாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் எலிகள் விழுந்தன. மாமியின் பெரிய பெண் உள்பட எங்கள் தெருவில் நாலு பேர் போனார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பியபோது, மாமி வீட்டுக் கதவின் பின்னாலும் ஒரு பை நின்றது.

1922இல் இரண்டாம் தடவை. அதே மாதிரி காலி மாடம், அதே முடிச்சு. அந்தத் தடவை நான் வாதாடவில்லை. அக்கா பையோடு தெருவில் வந்து நின்றதைப் பார்த்ததும், யாரும் யாரையும் கேட்காமல் மூட்டை கட்டினார்கள். நாலாம் நாள் எலி விழுந்தது. எங்கள் தெருவில் ஒருவரும் சாகவில்லை.

இதற்கு நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன். கொல்லையில் எலி தள்ளாடுவதை அக்கா முதலில் பார்த்திருப்பாள். தான் சொன்னால் கேட்கமாட்டேன், சுவாமி சொன்னால் கேட்பேன் என்று, நியமத்தை மீறித் தொட்டு, என்னிடம் பொய்யும் சொல்லியிருப்பாள். அத்திம்பேர் போடும் முடிச்சை எத்தனை தடவை பார்த்திருப்பாள்! அந்தப் பொய்க்காக மனதுக்குள் அவளை நமஸ்கரித்துக்கொண்டு எட்டு வருஷம் நிம்மதியாக இருந்தேன்.

போன மாதம் மார்வலி வந்து படுத்தாள். கடைசியில் சொன்னது ஒன்றுதான். "பையைப் பிரிச்சுடாதேடா."

பிரித்துவிட்டேன். காரியமெல்லாம் முடிந்து நேற்று பதிமூன்றாம் நாள் சுபம். வந்தவர்கள் போனபின் அந்தப் பை நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அரிசியைக் குதிரில் கொட்டினேன். அவளுடைய துணியையும் அத்திம்பேர் வேஷ்டியையும் ஜடையனிடம் கொடுத்தேன். டம்ளர்களை அலமாரியில் வைத்துவிட்டு, வெறும் பையைக் கொல்லைப்புறத்து ஆணியில் மாட்டினேன். சம்புடம் மாடத்தில் இருந்தது. பூஜை செய்தவன் நான்தான். வாசற்கதவும் கொல்லைக்கதவும் உள்தாழ் போட்டவனும் நான்தான்.

இன்று காலை இரண்டு தாழும் போட்டபடி இருந்தன. மாடம் காலி. கித்தான் பை பழைய இடத்தில் நிமிர்ந்து நின்றது. அதன் வாயில் இரட்டை முடிச்சு.

அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. மேலே பட்டில் சுற்றிய சம்புடம், அதே சுருக்கு முடிச்சு. அதன் அடியில் ஒரே ஒரு வேஷ்டி, என்னுடையது. ஒரே ஒரு டம்ளர். அரிசி ஒரு ஆளுக்கு அளந்ததுபோல் கொஞ்சமாக இருந்தது.

எதிர்வீட்டுக்குப் போய் மாமியிடம் சொன்னேன். அவள் என் விரல்களைப் பார்த்தாள். ஒரு நகத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

"அவ முடிச்சா?"

"ஆமாம், மாமி."

மாமி சிரிக்கவில்லை. உள்ளே திரும்பி மருமகளை அழைத்தாள். பிறகு என்னிடம், "வண்டி எத்தனை மணிக்கு?" என்றாள்.

நாளைக் காலை ஆறு மணிக்கு ஜடையன் வருகிறான். தெருவில் இன்னும் எலி விழவில்லை. எல்லா வீட்டிலும் மூட்டை கட்டும் சத்தம் கேட்கிறது. நான் சம்புடத்தை வெளியே எடுக்கவில்லை. இன்றைய பூஜையைப் பையின் முன்னாலேயே உட்கார்ந்து செய்தேன். இந்தத் தடவை யாரும் எதற்காகவும் திரும்பி வரவேண்டியதில்லை.