தலைகீழாக நின்ற பிரேசில்

எண்பத்தேழாம் ஆண்டு நடந்தது. நாங்கள் மன்னாரை விட்டு நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. பாபடோயிட்டோய் என்கிற புறநகரில் மகனோடு இருந்தேன். சும்மா இருந்து சாப்பிடுகிற ஆள் இல்லை நான். இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீட்டுக்குத் துப்புரவு வேலைக்குப் போய்வந்தேன்.

எழுபது தாண்டின மனுசி. புருசன் செத்து எட்டு மாசம். அதுக்கு முந்தி இரண்டு பேருமாகப் பிரேசில் நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்தவர்கள். அந்தக் கதையை எத்தனை தரம் சொன்னாலும் அவவுக்கு அலுக்காது. எனக்குப் பாதிதான் விளங்கும். அங்கேயும் எங்களுடையதைப் போல வெயிலாம், மரவள்ளிக்கிழங்கை மாவாக்கித்தான் சாப்பிடுவார்களாம். கறுப்புத் தண்ணி ஆறும் மண்நிறத் தண்ணி ஆறும் ஒன்றாகச் சேர்ந்த பிறகும் கலக்காமல் மைல் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் ஓடுமாம். அந்த இடம் வந்தால் மட்டும் மனுசி புருசனின் கதிரைப் பக்கம் பார்ப்பா.

அவவுக்கு ஒரே மகன். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, வயோதிபர் இல்லத்தில் விடவேண்டும் என்று அவன் சொல்லத் தொடங்கியிருந்தான். மனுசிக்கு அந்தப் பயம்தான். பெண்கள் சங்கத்தில் பிரேசில் படங்களை மிசினில் போட்டுத் திரையில் காட்டிக் கதைக்கிறேன் என்று ஒத்துக்கொண்டதே, தன் மூளை சரியாக இருக்கிறது என்று மகனுக்குக் காட்டத்தான். என்னையும் வரச் சொன்னா.

கூட்டத்துக்கு முந்தின நாள் மேசை துடைக்கும்போது, மிசினில் செருகுகிற படத்தட்டைப் பார்த்தேன். சட்டம் போட்ட சின்னப் பிலிம் படங்கள், எண்பது இருக்கும். ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், மலை உச்சியில் கையை விரித்துக்கொண்டு நிற்கிற ஆண்டவர். தட்டுக்குள் அவரைத் தலைகீழாக வைத்திருக்கிறா மனுசி. ஆண்டவரை அப்படி வைக்கலாமா? மற்றதுகளையும் எடுத்துப் பார்த்தேன், எல்லாமே தலைகீழ். ஐயோ பாவம், மகன் சொல்கிறது சரிதான் என்று நினைத்து, ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்தேன். தட்டு இருந்த பெட்டியின் மூடிக்குள்ளே ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. அதை அந்த வீட்டில் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

சனிக்கிழமை பின்னேரம் சங்க மண்டபத்தில் மனுசி திரைச்சீலைகளை இழுத்துவிட்டு முதல் படத்தைப் போட்டா. பட்டணமே தலைகீழாக நின்றது. அடுத்ததில் பெரிய நீர்வீழ்ச்சி, தண்ணி நிலத்திலிருந்து வானத்துக்கு ஏறுகிறது. அந்த மிசினுக்குப் படத்தைத் தலைகீழாகத்தான் போடவேண்டுமாம். மனுசி மூடிக்குள்ளே தன் கையால் எழுதி ஒட்டினதும் அதைத்தானாம். எனக்கு எங்கே தெரியும்?

“நாங்கள்தானே உலகத்தின் அடியில் இருக்கிறோம், பிரேசிலும் இங்கே வந்து கவிழ்ந்துபோச்சு” என்றா முன்வரிசையில் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். மனுசி அடுத்த படத்தைப் போட்டா, அதுவும் கவிழ்ந்துதான் நின்றது. சரியாகத்தானே வைத்தேன், சரியாகத்தானே வைத்தேன் என்று தனக்குள்ளேயே சொன்னா. மகன் வந்து தோளில் கை வைத்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, கவலைதான். “போதும் மம், வீட்டுக்குப் போவோம்.”

நான் பேசாமல் இருந்தால் ஒருத்தருக்கும் தெரியவராது. கதிரையை விட்டு எழும்பினேன்.

“மீ. மீ டூ. மிஸஸ் நோ டூ” என்றேன், செய்தது நான்தான், மனுசி இல்லை என்று. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அந்த வீட்டில் மறைத்ததையும் சொன்னேன். “பேப்பர் இருந்தது. மீ நோ ரீட்.”

மனுசி என்னைப் பார்த்தபடியே நின்றா. ஏசப்போகிறா என்று நினைத்தேன். அவ கேட்டது வேறு.

“மூடிக்குள்ளே பேப்பர் ஒட்டியிருந்ததா?”

ஓம் என்று தலையாட்டினேன்.

மகன் பக்கம் திரும்பினா. “அப்போ நான் மறக்கவில்லை” என்றா.

அவன் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுப் படத்தட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தான். மற்றவர்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கிறதுக்குள் மூன்று பேருமாக எல்லாவற்றையும் திருப்பிப் போட்டோம். பிறகு மனுசி ஒரு மணித்தியாலம் கதைத்தா. காட்டுக்குள்ளே பாட்டுக்கச்சேரிக்கென்று கட்டின மாளிகை, தெருவில் ஆடுகிற சனம், கலக்காத அந்த இரண்டு ஆறு. நடுவில் ஒரு மரமுந்திரிகைப் படம் வந்தது. கொட்டை பழத்துக்குக் கீழே தொங்குகிறதே, இன்னும் ஒன்று தலைகீழாக இருக்கிறது என்றா அதே முன்வரிசைக்காரி. இல்லை, அது அப்படித்தான் தொங்கும், மன்னாரில் கண்டிருக்கிறேன் என்று கையைக் காட்டிச் சொன்னேன். “அவ சொல்கிறது சரி” என்றா மனுசி.

இன்னும் இரண்டு வருசம் தன் வீட்டிலேயே இருந்து, தன் கட்டிலிலேயே கண்ணை மூடினா. நான் அன்றைக்கு மானத்தைப் பார்த்துக் கதிரையிலேயே இருந்திருந்தால், அந்த மனுசி தன் புத்தியைத் தானே நம்பாமல் மிச்ச நாளைக் கழித்திருப்பா. அந்த நினைப்பில்தான், பிழை என்னுடையது என்றால் இந்த வயதிலும் முதல் ஆளாக எழும்பிச் சொல்லிவிடுகிறேன்.