நான்கு குன்றுகளும் ஒரு ஜோடி பூட்ஸும்

டிசம்பர் 26, பிற்பகல் இரண்டு மணிக்கு ஆம்பூரிலிருந்து புறப்பட்டோம். சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். கார் வாடகை 4,500 ரூபாய். நான் ஒரு காலணித் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் பணிபுரிகிறேன். உடன் வந்தவர் செல்வி அக்கா. பதினேழு ஆண்டுகளாகத் தோல் வெட்டுபவர். அவர் வெட்டிய தோலில் தைத்த பூட்ஸ் ஒரு ஜோடி எங்களுக்கு முன்பே ஜெர்மனிக்குப் போயிருந்தது. பனிச்சறுக்குத் தாண்டலில் நான்கு குன்றுகளில் அடுத்தடுத்து நடக்கும் பன்னாட்டுப் போட்டியில் ஓர் இளம் வீரர் அதை அணிந்து பார்ப்பார். தேறினால் எங்களிடம் நாற்பது பெண்களுக்குப் புதிய பிரிவு ஒன்று தொடங்கப்படும்.

டிசம்பர் 29, ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃப், முதல் குன்று. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி. உயரத்துச் சரிவில் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கி வரும் வீரர், விளிம்பில் உந்தி எழுந்து, காலில் பூட்டிய சறுக்குப் பலகைகளை விரித்தபடி காற்றின்மேல் படுத்துக்கொள்கிறார்.

“இன்னாம்மா இது, மேலேர்ந்து கீழ வுழுறத பாக்கவா இவ்ளோ கூட்டம்?” என்றார் அக்கா.

“விழுறது இல்லக்கா, பறக்குறது.”

“பறக்கட்டும். கணுக்கால்ல நம்ம தோலு மடங்குதா, அத பாரு.”

மடங்கியது, ஆனால் பயிற்சித் தாண்டல் முடிந்ததும் வீரரின் அணித் தொழில்நுட்பர் மார்க்குஸ் பூட்ஸை எங்கள் முன் வைத்தார். கணுக்கால் மடிப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள். “உங்கள் தோல் குளிர் தாங்கவில்லை. மூன்றாம் குன்றுக்குள் காரணம் தெரியாவிட்டால் சோதனை முடிந்தது,” என்றார் ஆங்கிலத்தில். வீரர் பழைய பூட்ஸுக்கு மாறினார்.

புத்தாண்டு அன்று இரண்டாவது குன்றான கார்மிஷில் ஆரவாரம் விண்ணைப் பிளந்தது. எங்கள் இருவர் காதிலும் எதுவும் ஏறவில்லை. அக்கா பூட்ஸை மடியில் வைத்து, மடிப்பைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டியபடி இருந்தார். திடீரென நகத்தை என் முகத்தருகே நீட்டினார். அதில் பளபளப்பான செதில்கள்.

“தோலு வெடிக்கல கவிதா. மேல பூசின பூச்சுதான் வெடிச்சிருக்கு. இன்னாத்துக்கு இவ்ளோ ஜாஸ்தி?”

எனக்கு விடை தெரியும். பெட்டிக்குள் போகும் காலணியில் முகம் தெரிய வேண்டும் என்பது எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளின் எழுதப்படாத விதி. வாங்குபவர் ஒரு பூச்சுதான் கேட்டிருந்தார். வெளிநாட்டு மேடைக்குப் போகும் பொருளாயிற்றே என்று இரண்டாவது பூச்சு அடிக்கச் சொன்னது நான். வாய் திறக்காவிட்டால் பழி அக்காவின் தோல்மீது. திறந்தால் சொன்னபடி செய்யாத தொழிற்சாலை என்ற பெயர். அக்காவிடம் முதலில் சொன்னேன்.

“நீதானா? நான் மூணு நாளா சோறு தின்னாம, தோலு குடுத்த மாட்ட திட்டினு இருக்கேன்!” என்று தோளில் ஒன்று வைத்தார். பிறகு, “போய் சொல்லிடு. இல்லாட்டி நானே சைகைல சொல்லிடுவேன்,” என்றார்.

ஜனவரி 3. சுமார் அறுபது கிலோமீட்டர் பயணத்தில் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக், மூன்றாம் குன்று. மார்க்குஸிடம் தவறு என்னுடையது என்றேன். அவர் முகம் இறுகியது. ஆனாலும் சறுக்குப் பலகையின் மெழுகைத் துடைக்கும் திரவத்தைக் கொடுத்தார். அக்கா பூச்சு முழுவதையும் துடைத்தெடுத்தார். பூட்ஸைப் பனியில் ஒரு மணி நேரம் புதைத்து வைத்து, பிறகு இருபது முறை மடித்தோம். ஒரு கீறலும் இல்லை. காத்திருந்த நேரத்தில் ஊர் நடுவே ஓடும் ‘இன்’ என்ற ஆற்றைப் பார்த்தேன். குளிர்காலத்திலும் தெளிவாக ஓடியது. எங்கள் பெருமைக்கு, தோல் கழிவைச் சுமக்கும் எங்கள் ஊர்ப் பாலாறும் விலை கொடுத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் இக்கட்டுரையும் இன்னொரு பூச்சாகிவிடும்.

ஜனவரி 6, பிஷோஃப்ஸ்ஹோஃபன், கடைசிக் குன்று. பளபளப்பு போய் மங்கிக் கிடந்த எங்கள் பூட்ஸ் வீரரின் காலில் இருந்தது. அவர் விளிம்பை விட்டு எழுந்தபோது அக்கா என் கையைப் பிடித்த பிடியில் விரல்கள் மரத்தன. கணுக்கால் முன்னோக்கி மடிந்தது. உடல் பலகைகளோடு ஒட்டியது. நெடுநேரம் இறங்கவே இல்லை. 128 மீட்டர். மொத்தத்தில் பத்தொன்பதாம் இடம்தான். மார்க்குஸ் மடிப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இப்படியே அனுப்புங்கள். பளபளப்பு வேண்டாம்,” என்றார்.

ஊர் திரும்பிய மறுநாள், வேலைத் தாளில் பூச்சு என்ற வரியை நானே அடித்து நீக்கினேன். மதிய உணவு இடைவேளையில் எல்லோரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். 128 மீட்டர் என்றால் எவ்வளவு என்று ஒருத்தி கேட்டாள். அக்கா எழுந்தார். தொழிற்சாலை வாசலில் தொடங்கி எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடந்தார். பெண்கள் பின்னாலேயே நடந்தார்கள். டீக்கடை தாண்டி, பேருந்து நிறுத்தமும் தாண்டி, புளியமரத்தடியில் நின்றார்.

“இவ்ளோ தூரமா? தரைல கால் படாமலா?”

“ஆமா,” என்றார் அக்கா. “நம்ம பூட்ஸ் போட்டுனு.”